சேறு போட்ட ஆட்டம்

ஷியோமி மிசுஹோவுக்குக் கடலுக்கு அடியில் இருக்கும் மண்ணைப் பற்றித் தெரியாதது கொஞ்சம்தான். கடலுக்கு மேலே இருப்பதுதான் அவளுக்கு ஒத்துவராது. அலைத்தடுப்புச் சுவரைப் படகு தாண்டியதும் அவள் முகம் வெந்த முட்டைக்கோஸ் நிறத்துக்கு மாறிவிடும். சட்டைப்பையில் இஞ்சி மிட்டாய், மணிக்கட்டில் குமட்டலை அடக்கும் பட்டை, காதுக்குப் பின்னால் மருந்து ஒட்டு என்று சகல ஆயுதங்களோடும் கிளம்புவாள். கடல் இவற்றில் எதையும் மதித்ததில்லை.

"கடலடி மண் படிச்ச பிள்ளைக்குக் கடல் ஆகலைன்னா எப்படிம்மா? பல் டாக்டருக்கு வாயைப் பாத்தா மயக்கம் வர்ற மாதிரி இருக்கே" என்பார் இசோகாய்.

இசோகாய் ஜப்பானின் ஷிராகமே துறைமுகத்து மீனவர் சங்கத் தலைவர். பேய்க்கணவாய் பிடிப்பது அவர் தொழில். ஆக்டோபஸ் என்று படித்தவர்கள் சொல்கிற அந்த எட்டுக்கால் பிராணிக்கு இருட்டுப் பொந்து என்றால் உயிர். நீளக் கயிற்றில் வரிசையாகப் பானைகளைக் கட்டிக் கடலடியில் இறக்கி வைத்தால், வாடகை வீடு கிடைத்ததென்று தானாகவே உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அறுபது வயதைத் தாண்டியும் அவர் தலையில் ஒரு முடி குறையவில்லை. அதில் அவருக்குப் பெருமை அதிகம். எதிர்க்காற்றில் போகும்போதுகூடச் சீப்பு எடுத்துச் சீவுவார்.

மிசுஹோ அந்த ஊருக்கு வந்தது ஒரு காற்றாலைக்காக. கரையிலிருந்து பார்த்தால் தீக்குச்சி உயரத்துக்குத் தெரிகிற தூரத்தில், கடலில் பெரிய காற்றாலை ஒன்றைச் சோதனைக்காக நிறுத்தப் போகிறார்கள். அதை எந்த மண்ணில் ஊன்றுவது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. இரண்டு இடங்கள் கணக்கில் இருந்தன. ஒன்றுக்கு மீனவர்கள் வைத்த பெயர் 'நெற்றி'. பாறை, அதன் மேல் விரலளவுக்கு மணல். இன்னொன்றின் பெயர் 'கிண்ணம்'. பாறைக்கு நடுவே குழிந்து, காலங்காலமாக ஆறு கொண்டுவந்து கொட்டிய சேறு நிரம்பிய பள்ளம்.

நெற்றியில்தான் பேய்க்கணவாய் கொழித்தது. அதனால் காற்றாலையைக் கிண்ணத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றது சங்கம். கம்பெனிக்கும் அது இனித்தது. சேற்றில் தூண் இறக்குவது வெண்ணெயில் கத்தி இறக்குவதுபோல. கடலில் கப்பல் நிற்கும் நாள் குறையும். இரு தரப்பும் கைகுலுக்கவிருந்த நேரத்தில், நடுவில் வந்து நின்றாள் மிசுஹோ. நிலநடுக்கம் வந்தால் கிண்ணம் நெற்றியைவிட மோசமாக ஆடும் என்றாள்.

அந்தச் சண்டை சங்கத்துச் சாப்பாட்டுக் கூடத்தில்தான் முற்றியது. அதை நடத்துபவள் இசோகாயின் மனைவி சவாகோ.

"ஏம்மா சேத்து டாக்டர்" என்று ஆரம்பித்தார் இசோகாய். "சேறுன்னா மெத்தை. தூக்கிப் போட்டா மெத்தையில விழுந்தவனுக்கு அடிபடுமா, பாறையில விழுந்தவனுக்கு அடிபடுமா?"

"மெத்தையில விழ வேண்டாம் கேப்டன். மெத்தை மேல நில்லுங்க. பக்கத்துல ஒருத்தர் குதிச்சா யாரு முதல்ல சாய்வாங்க?"

பக்கத்து மேசையில் சிரிப்பு எழுந்தது. மொகி என்கிற இன்னொரு பானைக்காரர்தான் பலமாகச் சிரித்தார். இசோகாய் யாரிடம் மாட்டிக்கொண்டாலும் மொகிக்கு அன்றைக்குத் திருவிழா.

மிசுஹோ தன் தட்டிலிருந்த முள்ளங்கி ஊறுகாய்த் துண்டை மேசையில் வைத்தாள். அதன் பக்கத்தில் ஆவியில் வெந்த முட்டைக்கூழ்க் கிண்ணத்தை நகர்த்தினாள். பிறகு மேசையை விளிம்பில் பிடித்து ஒரு தள்ளு தள்ளினாள். ஊறுகாய் மேசையோடு போய் மேசையோடு நின்றது. முட்டைக்கூழ் மட்டும் கிடுகிடுவென்று ஆடியது. மேசை நின்ற பிறகும் ஆடிக்கொண்டே இருந்தது.

"பாத்தீங்களா? கிண்ணத்துக்குள்ள போன ஆட்டம் வெளிய போக வழி தெரியாம சுவத்துல முட்டி முட்டித் திரும்பும்."

இசோகாய் கிண்ணத்தை உற்றுப் பார்த்தார். கரண்டியை எடுத்தார். நாலு வாயில் முட்டைக்கூழைக் காலி செய்தார்.

"சாட்சி காணோம். வழக்கு தள்ளுபடி."

மிசுஹோவுக்குக் காது சிவந்துவிட்டது. காலையில் படகில் போட்ட கூத்தில் வயிறு காலியாக இருந்தது வேறு. "நான் சொல்றேன் கேட்டுக்குங்க. ரெண்டு இடத்துலயும் கருவி வைக்கிறேன். அடுத்த நிலநடுக்கத்துல கிண்ணம்தான் கூட ஆடும். எல்லா விதத்துலயும்!"

"எல்லா விதத்துலயும்?"

"எல்லா விதத்துலயும்."

"ஆடலைன்னா?"

"ஆடலைன்னா ஒரு வாரம் உங்க படகுல வந்து பானை இழுக்கிறேன்."

மிசுஹோ படகில் படுகிற பாட்டை எல்லோரும் பார்த்திருந்தார்கள். இது சாதாரணப் பந்தயம் இல்லை, உயிர்ப் பந்தயம்.

"அப்ப ஆடிச்சுன்னா" என்று எழுந்தார் இசோகாய், "நான் மொட்டை போட்டுக்கிறேன்!"

"ஏங்க!" என்று அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது. சவாகோ கையில் அகப்பையோடு எட்டிப் பார்த்தாள். "தலைமுடியைத் தவிர உங்ககிட்ட பாக்குறதுக்கு வேற என்ன இருக்கு? அதையும் பந்தயத்துல வச்சுட்டீங்களா?"

கருவிகள் இரண்டும் மஞ்சள் நிற உருண்டைகள். ஆளுக்கு ஒரு இரும்புச் சட்டமும் அதன் அடியில் ஒரு கனத்த எடையும் கட்டியிருக்கும். மேலேயிருந்து ஒலி அனுப்பினால் எடையைக் கழற்றிவிட்டுத் தானாக மிதந்து வரும். மீனவர்கள் அவற்றைப் பூசணிக்காய் என்றார்கள். கோடை தொடங்கியபோது ஒரு பூசணியைக் கிண்ணத்திலும் ஒன்றை நெற்றியிலும் இறக்கினார்கள். நெற்றியில் கருவியைச் சுற்றி யாரும் பானை போடக் கூடாது என்று ஒப்பந்தம். துறைமுகத்து ஒலிபெருக்கியில் அதை அறிவித்ததே இசோகாய்தான்.

"எவன் பானையாவது அங்க கிடந்தா கயித்த அறுத்துக் கடல்ல விட்டுடுவேன். என் பானையா இருந்தாலும் சரி!"

அவர் குரலுக்கு ஒலிபெருக்கியே அதிகம்.

பிறகு காத்திருப்பு. எந்த ஊருக்கெல்லாமோ நிலநடுக்கம் வந்தது. ஷிராகமேவுக்கு மட்டும் வரவில்லை. தினமும் காலையில் மொகி அவளைப் பார்த்து, அந்த ஊர் மரியாதைக்குப் பெயரோடு ஒரு 'சான்' சேர்த்து, "என்ன ஷியோமி-சான், உங்க நிலநடுக்கம் இன்னைக்கும் லீவா?" என்று கேட்டுவிட்டுத்தான் பானைக் கயிற்றைத் தொடுவார். தங்கியிருந்த அறையில் மிசுஹோ மண் மாதிரிகளைப் பிசைந்து பார்த்தபடி நாளைக் கடத்தினாள். கிண்ணத்துச் சேறு குழந்தை தின்கிற கூழ்போல அவ்வளவு மெத்தென்று இருந்தது. அதைத் தொடத் தொட அவளுக்கு நம்பிக்கை ஏறியது.

சாப்பாட்டுக் கூடத்தில் அந்தப் பருவம் முழுக்கப் பேய்க்கணவாய்தான். சாதத்தில் பேய்க்கணவாய், சாலட்டில் பேய்க்கணவாய், பொரித்த பேய்க்கணவாய். "இந்த வருஷம் நல்ல மீன்பாடு போல" என்றாள் மிசுஹோ ஒருநாள். இசோகாய் தட்டிலிருந்து தலை தூக்காமல், "ஏதோ கடல் மாதா புண்ணியம்" என்றார். அப்போது பக்கத்து மேசையில் மொகிக்குத் திடீரென்று புரையேறியது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரம். கூடம் நிறைந்திருந்தது. முதலில் எல்லோருடைய கைப்பேசிகளும் நிலநடுக்க எச்சரிக்கையோடு ஒரே நேரத்தில் அலறின. அடுத்த நொடி சவாகோ கேஸை அணைத்துவிட்டாள். மற்றவர்கள் மேசைக்கடியில் போனார்கள். தரைக்கடியில் ஒரு லாரி போவதுபோலக் குலுங்கியது. பிறகு கூடம் முழுவதும் பக்கவாட்டில் போய்ப் போய் வந்தது. அலமாரியில் கிண்ணங்கள் பல்லைக் கடித்தன.

ஒரே மேசைக்கடியில் மிசுஹோவும் இசோகாயும் மூக்கோடு மூக்கு இடிக்கக் குந்தியிருந்தார்கள்.

"வந்துடுச்சு!" என்றாள் அவள். முகத்தில் தீபமேற்றினதுபோல வெளிச்சம்.

"இப்ப என்ன, பக்கவாட்டா, மேல-கீழயா?" என்று கிசுகிசுத்தார் அவர்.

"பேசாதீங்க கேப்டன். நான் கவனிக்கிறேன்!"

ஆட்டம் நின்றதும் அவள் தன்னை மறந்து கைதட்டிவிட்டாள். கூடமே அவளைப் பார்த்தது.

"நல்லா இருக்கும்மா" என்றாள் சவாகோ. "இந்த ஜப்பான் பூரா தேடினாலும் நிலநடுக்கத்துக்குக் கைதட்டுற ஒரே ஆளு நீதான். ஓடு, முதல்ல மேட்டுக்கு ஓடு!"

எல்லோரும் கோயில் மேட்டுக்கு ஏறினார்கள். மூச்சு வாங்க நின்று கடலைப் பார்த்தார்கள். சுனாமி அபாயம் இல்லை என்று ஒலிபெருக்கி சொன்ன பிறகுதான் சிரிப்பு திரும்பியது. துறைமுகத்தில் ஒரு கூரை ஓடு விழுந்ததையும், மொகியின் பூந்தொட்டி உடைந்ததையும் தவிரச் சேதம் எதுவும் இல்லை. இறங்கி வரும்போது இசோகாய் ஒரு கையைத் தலையில் வைத்தபடியே நடந்தார்.

கடல் அடங்கியதும் படகெடுத்தார்கள். இசோகாயும் மிசுஹோவும் மட்டும். கிண்ணத்தின் மேலே போய் ஒலி அனுப்பினாள். சமர்த்தாக எடையைக் கழற்றிவிட்டு மேலே வந்து மிதந்தது முதல் பூசணி. அவள் வாந்தியை நடுவில் நிறுத்தி அதற்கு ஒரு கும்பிடு போட்டாள்.

நெற்றியில் அப்படி நடக்கவில்லை. ஒலி அனுப்பினாள். எடை கழன்றுவிட்டது என்று கீழிருந்து பதில் ஒலியும் வந்தது. ஆனால் கருவி வரவில்லை. மறுபடியும் அனுப்பினாள். கடல் தட்டையாகக் கிடந்தது.

"எதோ பிடிச்சு வச்சிருக்கு" என்றாள்.

"அப்படியா?" என்றார் இசோகாய். அவர் குரல் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவளுக்கு அன்றுவரை தெரியாது. "விட்டுடலாமே. அது வர்றப்ப வரட்டும்."

"கேப்டன், அது ஒரு வீட்டு விலை!"

அவர் நாலு பக்கமும் பார்த்தார். கடலில் வேறு படகு இல்லை. பெருமூச்சு விட்டுக் கொக்கியை இறக்கினார். ஒரே தேடலில் கயிறு மாட்டியது. கயிறு எங்கே கிடக்கும் என்று தெரிந்தவருக்குத்தானே ஒரே தேடலில் மாட்டும்! உருளை சுற்றச் சுற்ற மேலே வந்தது ஒரு பானை. அடுத்து இன்னொன்று. அதற்கடுத்து, பானைக் கயிறு சட்டத்தில் நாலு சுற்றுச் சுற்றிய மஞ்சள் பூசணி. அதன் சட்டத்துக்குள் கால்களை ஒழுங்காக மடித்து, வீட்டுக்காரன்போல உட்கார்ந்திருந்தது ஒரு கொழுத்த பேய்க்கணவாய். பானைகள் எல்லாவற்றிலும் சிவப்புச் சாயத்தில் இசோகாயின் அடையாளம்.

பேய்க்கணவாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

"அங்க யாருமே போடாததால" என்று ஆரம்பித்தார் இசோகாய், "அங்கதான் எல்லாம் போய் ஒதுங்குது. பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்றியா? நானும் மனுஷன்தானே?"

மிசுஹோவுக்குக் கோபம் வரவேண்டிய இடம். வந்தது சிரிப்பு. சிரித்த வேகத்தில் மறுபடி குமட்டி, படகின் ஓரத்துக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது அவர் ஒரு துண்டை நீட்டினார்.

"ஷியோமி-சான், இந்தப் பானை விஷயம் மட்டும் சங்கத்துக்கு…"

"கேக்கலைன்னா நானா சொல்ல மாட்டேன். கேட்டா பொய் சொல்ல மாட்டேன்."

"அது போதும். எங்க ஆளுங்க என்னைக்கு ஒழுங்கா கேள்வி கேட்டிருக்காங்க?"

அறைக்குப் போய்ப் பதிவுகளைத் திறந்தாள். கிண்ணத்துப் பதிவு அவள் நினைத்ததுபோலவே இருந்தது. பக்கவாட்டில் பெரிய பெரிய ஆட்டம், மெதுவான ஆட்டம். நெற்றி அடங்கிய பிறகும் கிண்ணம் ஆடிக்கொண்டிருந்தது. விருந்தாளி செருப்பு மாட்டிய பிறகும் வாசலில் நிறுத்திப் பேசுகிற வீட்டுக்காரர்போல, அதற்கு விட மனசில்லை. நெற்றிப் பதிவில் ஆட்டம் சின்னது. ஆனால் அதன் மேல் முள் முள்ளாக நிறையக் குத்துகள். பானைகள் சட்டத்தில் இடித்த சத்தம். நிலநடுக்கத்துக்கு முன்னும் பின்னும்கூட இருந்தன. அவற்றைப் பிரித்து எடுப்பது அவளுக்குப் பெரிய வேலையில்லை. பானை 'டொக்' என்று இடிக்கும், நிலம் அப்படி இடிக்காது.

அடுத்து மேல்-கீழ் ஆட்டத்தைத் திறந்தாள். அங்கே அவளுக்கு வியர்த்தது.

கிண்ணம் அதில் அதிகமாக ஆடவில்லை. சொல்லப்போனால் நெற்றியைவிடக் கொஞ்சம் குறைவாகவே ஆடியிருந்தது. கணக்கைத் திரும்பப் போட்டாள். அதே விடை. யோசித்தால் காரணமும் தெரிந்தது. முன்பே யோசித்திருக்க வேண்டும். கிண்ணத்துச் சேறு முக்கால்வாசி தண்ணீர். பக்கவாட்டில் தள்ளினால் தண்ணீர் தடுக்காது, ஓடிவிடும். மேலும் கீழுமாக அமுக்கினால் தண்ணீர் அமுங்காது, விறைத்துக்கொள்ளும். போதாததற்கு மேலே ஒரு கடலே உட்கார்ந்திருக்கிறது. கோபத்தில் 'எல்லா விதத்துலயும்' என்று இரண்டு தடவை சொன்னது அவள் வாய்தான்.

காற்றாலைக்கு மேல்-கீழ் ஆட்டம் பெரிய விஷயமில்லை. அதைக் காட்டாமல் விட்டாலும் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. அந்த எண்ணத்தோடு தேநீர் போட்டாள். தேநீர் ஆறியும் எண்ணம் ஆறவில்லை. படகில் கெஞ்சிய இசோகாயின் முகம் ஞாபகம் வந்தது. "எனக்கும் ஒரு பானை இருக்கு போல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, மூன்றாவது படத்தையும் கோப்பில் சேர்த்தாள்.

கூட்டத்துக்குக் கம்பெனியிலிருந்து குரோசு என்கிற அதிகாரி ரயிலேறி வந்திருந்தார். மரியாதையான மனிதர். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்பும் ஒரு மன்னிப்புக் கேட்பார். அவருக்குக் கிண்ணத்தின்மேல் ஆசை. வந்ததிலிருந்து 'அந்த மென்மையான இடம்' என்றே அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மிசுஹோ திரையில் இரண்டு பக்கவாட்டுப் பதிவுகளையும் போட்டாள். கூடம் முன்னால் குனிந்தது.

"மன்னிக்கணும்" என்றார் குரோசு. "நெற்றியிலதான் உயரமான குத்தெல்லாம் இருக்கிற மாதிரி தெரியுதே. அப்ப அதுதானே கூட ஆடியிருக்கு?"

"அது நிலநடுக்கம் இல்ல" என்றாள் மிசுஹோ.

"பின்ன என்ன?" இது மொகி.

மிசுஹோ இசோகாயைப் பார்த்தாள். இசோகாய் கூரையைப் பார்த்தார்.

"அது வந்து…" என்று அவரே எழுந்தார். "பேய்க்கணவாய் தட்டினது."

"எதால தட்டிச்சு?"

"பானையால."

"யாரோட பானை?"

இசோகாய் உச்சி முடியைத் தடவிக்கொண்டார். "கடல்ல ஓட்டம் இருக்குல்ல. பானை அதுவா உருண்டு போய்…"

"கயித்தோட உருண்டுச்சா? எடைக் கல்லையும் தூக்கிக்கிட்டா?" என்றாள் அடுப்படியிலிருந்து சவாகோ. "தினமும் குளிர்பெட்டி ரொம்பி வழிஞ்சப்பவே எனக்குத் தெரியும்."

அதற்கு மேல் தாக்குப் பிடிக்க அவரால் முடியவில்லை. இரண்டு கையையும் தொடையில் ஒட்டி, இடுப்பிலிருந்து மடிந்து வணங்கினார்.

"என்னோடதுதான். ஒலிபெருக்கியில கத்தினவனும் நான்தான், போய்ப் போட்டவனும் நான்தான். எல்லாரும் மன்னிச்சுக்குங்க."

கூடம் கொதிக்கும் என்று மிசுஹோ எதிர்பார்த்தாள். முதல் கல் மொகியிடமிருந்து வரும் என்று நினைத்தாள். மொகி பின்கழுத்தைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கேப்டன்" என்றார் கடைசியில். "உங்க பானை நெற்றிக்கு எந்தப் பக்கம் கிடந்துச்சு?"

"மேற்கு."

"மேற்கு மட்டும்தானா?"

"மேற்கு மட்டும்தான்யா. ஏன்?"

"இல்ல… கிழக்குப் பக்கத்துலேர்ந்தும் கொஞ்சம் குத்து இருந்தா, அது அநேகமா என்னோடது."

பிறகு பின்வரிசையில் ஒருவர் மெல்லக் கையைத் தூக்கி, "வடக்கு ஓரமா எனக்கும் ஒரு கயிறு…" என்றார். அவருக்குப் பக்கத்திலிருந்தவர் தரையைப் பார்த்து, "எனக்கும்தான்" என்றார்.

"ஆக" என்றாள் சவாகோ கையைத் துடைத்தபடி, "அங்க பானை போடாதவங்க மட்டும் கையைத் தூக்குங்க. சீக்கிரம் எண்ணி முடிச்சுடலாம்."

மொகிதான் முதலில் சிரித்தார். பிறகு கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரி எல்லோரும். குரோசுவுக்கு எதுவும் விளங்கவில்லை. யாரிடமென்று தெரியாமல் நாலு பக்கமும் திரும்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் மிசுஹோ குத்துகளை நீக்கிய பதிவைப் போட்டாள். இப்போது சொல்லவே தேவையில்லாமல் தெரிந்தது. நெற்றியின் கோடு எறும்பு நடந்ததுபோல. கிண்ணத்தின் கோடு குடித்தவன் வீடு திரும்பியதுபோல.

"மன்னிக்கணும், தூணைக் கொஞ்சம் தடியா போட்டா போதாதா?" என்றார் குரோசு.

"காத்தாலை உயரமானது. மெதுவா அசையுறது அதோட குணம். இந்தச் சேறும் மெதுவாத்தான் ஆடுது. ரெண்டு பேருக்கும் ஒரே தாளம். ஊஞ்சல்ல இருக்கிற குழந்தையைச் சரியான நேரம் பாத்துத் தள்ளினா என்ன ஆகும்? சின்னத் தள்ளுதான், ஆனா ஊஞ்சல் மரத்தைத் தொடும். அந்தத் தாளத்தை மாத்துற அளவுக்குத் தடியா போடணும்னா, அதுக்கு நீங்க பாறையிலயே ஊனிடலாம்."

குரோசு முதன்முறையாக மன்னிப்புக் கேட்காமல் தலையாட்டினார்.

"அப்ப சேத்து டாக்டர் ஜெயிச்சாச்சு" என்றார் மொகி ஆனந்தமாக. "சவாகோ-சான், கத்திரி எங்க?"

"இருங்க" என்றாள் மிசுஹோ. மூன்றாவது படத்தைப் போட்டாள். தொண்டையைச் செருமினாள். "இது மேல-கீழ ஆட்டம். இதுல கிண்ணம் அதிகமா ஆடலை. கொஞ்சம் கம்மிதான். நான் எல்லா விதத்துலயும்னு சொன்னேன். அது தப்பு."

இசோகாயின் தலை மெல்ல நிமிர்ந்தது. முகத்தில் சூரியோதயம்.

"அப்ப நான் ஜெயிச்சேன்!"

"பக்கவாட்டுல தோத்துட்டீங்க."

"மேல-கீழ ஜெயிச்சேன்ல?"

"ஆமா."

வழக்கு சிக்கலாகிவிட்டது. கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியது. காற்றாலையைப் பற்றி அவ்வளவு நேரம் யாரும் வாதாடவில்லை. தீர்ப்பைச் சொன்னவள் சவாகோ.

"இதுல என்ன கஷ்டம்? பக்கவாட்டுல தோத்தாரு, பக்கவாட்டு முடி போகட்டும். மேல-கீழ ஜெயிச்சாரு, மேல இருக்கிற முடி இருக்கட்டும். ஷியோமி-சான் ஒரு வாரத்துல பாதி நாள் பானை இழுக்கட்டும்."

மறுப்புச் சொல்ல இடமில்லை. துண்டைக் கழுத்தில் கட்டி, சாப்பாட்டுக் கூடத்து நாற்காலியிலேயே உட்கார வைத்தார்கள். காதுக்கு மேல் இரண்டு பக்கமும் மழுங்கச் சிரைத்தபின், உச்சியில் மட்டும் ஒரு கொத்துக் கருமுடி நின்றது. அழுதுவிடுவார் என்று நினைத்தார்கள். அவர் கண்ணாடியில் இடமும் வலமும் திரும்பிப் பார்த்தார்.

"பரவாயில்லையே. டோக்கியோ பசங்க இப்படித்தானே வெட்டிக்கிறாங்க?"

"அவங்களுக்கு இருபது வயசு" என்றாள் சவாகோ.

அன்று மாலைக்குள் ஒரு சமாதானமும் வந்தது. காற்றாலை நெற்றியின் நடுவில் இல்லை, அதன் தெற்குத் தோளில். அங்கேயும் பாறைதான், ஆனால் பேய்க்கணவாய் அதிகம் வராத பாறை. தூணைச் சுற்றிப் போடும் கற்களுக்கு இடையில் பொந்துகள் இருக்கும், அங்கே பானை போட சங்கத்துக்கு உரிமை வேண்டும் என்று இசோகாய் கேட்டார். குரோசு மன்னிப்புக் கேட்டபடி சம்மதித்தார்.

மிசுஹோ பானை இழுக்கப் போனாள். முதல் நாள் வாந்திக் கணக்கை எண்ணாமல் விட்டுவிடுவதே நல்லது. இரண்டாம் நாள் பானைகளுக்கு நடுவே வாந்தி, வாந்திகளுக்கு நடுவே பானை என்று ஒரு ஒழுங்கு பிடிபட்டது. கடைசி நாள் காலையில், வெயில் ஏறிய நேரம், நெற்றியின் மேல் படகை நிறுத்திக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தபோது, அடியிலிருந்து 'தொம்' என்று ஒரு குத்து வந்தது. கீழ்த்தட்டை யாரோ சுத்தியலால் அடித்ததுபோல. படகு ஒருமுறை அதிர்ந்து நின்றது.

"எதுலயோ இடிச்சுட்டோம்!" என்று இசோகாய் எஞ்சினை அணைத்துவிட்டு ஓரத்துக்கு ஓடினார். தண்ணீர் தெளிவாக இருந்தது. இடிக்க எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் கைப்பேசி அலறியது.

"இடிக்கலை கேப்டன்" என்றாள் மிசுஹோ. கயிற்றை விட்டுவிட்டுப் படகுத் தளத்தில் உட்கார்ந்துகொண்டாள். "நிலநடுக்கம். சின்னது."

"இதுவா? இது ஆடவே இல்லையே!"

"தண்ணிக்குப் பக்கவாட்டு ஆட்டத்தைக் கொண்டுவரத் தெரியாது. மேல நோக்கி வர்ற குத்து மட்டும்தான் தண்ணி வழியா நமக்கு வரும். அந்தப் பக்கம் அடியில இப்பக் கிண்ணம் ஆடிக்கிட்டு இருக்கும். நமக்குத் தெரியாது."

அவர் வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி சிரைத்த தலையில் காற்று விளையாடியது. அடியில் இப்போது என்ன நடக்கிறதென்று அவர் மனக்கண்ணில் பார்க்க முயல்வது மிசுஹோவுக்குத் தெரிந்தது. சங்கத்திலிருந்து சுனாமி இல்லை என்ற செய்தி வந்தது. அடுத்த கணம் அவர் வானொலியைக் கையில் எடுத்தார்.

"எல்லாப் படகுக்கும் சொல்றேன், கேட்டுக்குங்க. இப்ப வந்த குத்து பாறையோ திமிங்கிலமோ இல்ல, நிலநடுக்கம். தண்ணியில பக்கவாட்டு வராது, மேல-கீழதான் வரும். ஏன்னா…" பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "ஏன்மா வராது?"

"தண்ணி தள்ளினா விலகிடும். அமுக்கினா விலகாது."

அவர் பொத்தானை மறுபடி அழுத்தினார்.

"ஏன்னா தண்ணியோட குணம் அப்படி. இது எனக்கு ரொம்ப நாளா தெரியும்."

வானொலியில் மொகியின் சிரிப்பு கரகரத்தது. "இதைச் சொல்லிக் குடுத்த டாக்டர் இன்னைக்கு எத்தனை தடவை வாந்தி எடுத்தாங்க கேப்டன்?"

இசோகாய் அவள் பக்கம் திரும்பினார். வாயில் இஞ்சி மிட்டாயோடு மிசுஹோ நிமிர்ந்து பார்த்தாள். காலையிலிருந்து ஒரு தடவைகூட இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. அந்த நினைப்பு வந்த மாத்திரத்தில், அவள் படகின் ஓரத்தைத் தேடி ஓடினாள்.